மாதிரி நிரலை உடைத்துப் பார்ப்பது

டென்னிஸ் ரிட்சி, தான் உருவாக்கிய சி மொழியைப் பற்றி பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய புத்தகம் 1978இல் வெளிவந்தது. திரையில் ஒரு வணக்கத்தை அச்சிடும் அதன் முதல் நிரல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னால் வந்த மொழிகளின் பாடநூல்களும் பெரும்பாலும் அதே நிரலோடுதான் தொடங்குகின்றன. அந்த நிரலை அடுத்து வரும் முதல் பயிற்சி அந்த அளவுக்குப் பரவவில்லை. நிரலை ஓட்டிப் பார்த்த பிறகு, அதன் சில பகுதிகளை எடுத்துவிட்டு, கம்பைலர் என்ன பிழை காட்டுகிறது என்று பார்க்கச் சொல்கிறது அது. அடுத்த பயிற்சியும் இதே போக்குதான்: பின்சாய்கோட்டுக்குப் பக்கத்தில், பாடத்தில் சொல்லாத ஓர் எழுத்தைப் போட்டால் என்ன நடக்கும் என்று கேட்கிறது. மொழியை உருவாக்கியவரே எழுதிய புத்தகம், முதல் நிரலைக் கொடுத்த கையோடு அதைக் கெடுத்துப் பார் என்கிறது. நாம் நிரலை எடுத்துக்கொண்டோம், கெடுத்துப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டோம். புதிதாக நிரலெழுதக் கற்பவர்கள் மாதிரி நிரல்களை வைத்துக்கொண்டு படும் பாட்டில் பெரும்பகுதி இந்த விடுபடலால் வருகிறது என்பது என் கருத்து.

எந்த மாதிரி நிரலை எடுத்தாலும் அதன் வரிகள் ஒரே வகையானவை அல்ல. சில வரிகளை மொழியின் இலக்கணம் கட்டாயமாகக் கேட்கிறது. சில வரிகள் குறிப்பிட்ட கம்பைலருக்காகவோ கணினிக்காகவோ போடப்பட்டவை. சில வரிகளைக் கணக்கின் தன்மை கேட்கிறது. மீதியை எழுதியவரின் பழக்கம் கொண்டுவந்தது. வேறொருவர் எழுதியிருந்தால் அவை இருந்திருக்காது. அச்சில் இவை எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே கறுப்பில் நிற்கின்றன. அனுபவம் உள்ளவர் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார். பிரிக்கிறோம் என்ற உணர்வுகூட அவருக்கு இருக்காது. புதியவரால் பிரிக்க முடியாது. எந்த வரி இல்லாவிட்டால் நிரல் விழும், எந்த வரியை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை மாதிரி நிரல் அவருக்குச் சொல்வதில்லை. ஒரே ஒரு மாதிரி அதைச் சொல்லவும் முடியாது. அதனால் அவர் எல்லாவற்றையும் கட்டாயம் என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொரு வகைக் கற்பவர் எல்லாவற்றையும் அலங்காரம் என்று நினைத்து, இஷ்டப்பட்டதை விட்டுவிடுகிறார். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சி படித்தவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல சான்று தெரிந்திருக்கும். நிரலின் மேலே கோனியோ என்ற ஹெடர் கோப்பு, மாறிகளை அறிவித்த உடனே திரையைத் துடைக்கும் கட்டளை, கடைசி வரியில் கெட்ச். சி மொழியின் தர வரையறையில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. டாஸ் கணினிகளுக்காக போர்லண்ட் நிறுவனம் கொண்டுவந்த டர்போ சி, டர்போ சி++ ஆகியவற்றோடு வந்தவை அவை. அந்த மென்பொருளில் நிரலை ஓட்டினால் விடை ஒரு தனித் திரையில் வரும். நிரல் முடிந்த நொடியே எடிட்டர் திரும்பி வந்து அந்தத் திரையை மறைத்துவிடும். விடையைக் கண்ணால் பார்க்க, ஏதாவது ஒரு விசையை அழுத்தும்வரை நிரலை நிறுத்திவைக்க வேண்டும். கெட்ச் செய்தது அதைத்தான். முந்தைய ஓட்டத்தின் விடைகள் அதே திரையில் கிடந்ததால் துடைக்கவும் வேண்டியிருந்தது. காரணம் இவ்வளவுதான். இது கணக்கோடு சம்பந்தப்பட்டதும் அல்ல, மொழியோடு சம்பந்தப்பட்டதும் அல்ல. ஆனால் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரெக்கார்டு நோட்டுக்கு இந்த வரிகள் இடம்பெயர்ந்து, டாஸ் போய்ப் பல காலம் ஆன பின்னும் பாடத்தின் பகுதியாக நிலைத்துவிட்டன. லினக்ஸில் முதல் முறையாக நிரலெழுத உட்காரும் மாணவர், கோனியோ இல்லை என்று கம்பைலர் சொன்னதும் திகைப்பது அவர் குற்றமில்லை. அந்த வரி எதற்கு என்ற கேள்வி எழுவதற்கு அவருக்குக் கிடைத்த மாதிரிகளில் இடமே இல்லை. எல்லா மாதிரிகளிலும் அது இருந்தது. எப்போதும் கூடவே வரும் ஒன்றை, அது இல்லாமலும் வரக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பது யாருக்கும் கடினம்.

மொழிகளை வடிவமைப்பவர்களும் இந்தச் சுமையை உணர்ந்திருக்கிறார்கள். ஜாவாவில் ஒரு வரியை அச்சிட, ஒரு கிளாஸைத் திறந்து, அதற்குள் பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்ட் என்று சில மாதங்கள் கழித்தே புரியக்கூடிய சொற்களை வரிசையாக எழுத வேண்டியிருந்தது. இதெல்லாம் பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு அப்படியே எழுது என்று தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் சொல்லிவந்தார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25ஆம் பதிப்பில் அந்தச் சடங்கு இல்லாமலே சிறு நிரல்களை எழுத அதிகாரபூர்வமாக வழிசெய்திருக்கிறார்கள். பெரிய மென்பொருளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைப் புதியவரின் முதல் நிரலில் சுமத்தக் கூடாது என்பதே அதன் நோக்கம். முதல் நாளே ‘அப்படியே எழுது’ என்று கேட்டவர், பிற்பாடு வரும் வரிகளையும் கேள்வியில்லாமல் எழுதப் பழகிவிடுகிறார். அதனால் இந்த மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எது கட்டாயம், எது தற்செயல் என்ற குழப்பம் பெயர்களிலும் வரும். 1986இல் ஸ்லீமன் முதலானோர் பாஸ்கல் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தவறுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மாறிக்கு வைத்த பெயரின் பொருள் கணினிக்குப் புரியும் என்று அவர்களில் சிலர் நம்பியது தெரியவந்தது. இரட்டைப்படை என்று ஒரு மாறிக்கும் ஒற்றைப்படை என்று இன்னொன்றுக்கும் பெயர் வைத்தால், உள்ளே வரும் எண்களில் இரட்டைப்படை எண்ணை முதல் மாறியும் ஒற்றைப்படை எண்ணை இரண்டாவதும் தாமாகவே எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். அதே ஆண்டில் ராய் பீ எழுதிய கட்டுரை இதன் அடியில் உள்ள நம்பிக்கையைச் சுட்டியது: மொழிக்குள் எங்கோ நம் மனத்தைப் புரிந்துகொள்ளும் ஓர் அறிவு ஒளிந்திருப்பதாகப் புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரி நிரல்கள் இந்த நம்பிக்கைக்குத் தீனி போடுகின்றன. நல்ல மாதிரி நிரலில் பெரிய எண்ணை வைக்கும் மாறிக்குப் ‘பெரியது’ என்றுதான் பெயர் இருக்கும், அதில் பெரிய எண்தான் வந்து உட்காரும். பெயரும் நடத்தையும் எப்போதும் பொருந்தி வருகிற இடத்தில், பெயர்தான் நடத்தையை உண்டாக்குகிறது என்று ஒருவர் முடிவுகட்டினால் அவரிடம் உள்ள சான்றுக்கு அது முரணில்லை. ‘பெரியது’ என்ற பெயரை ‘சிறியது’ என்று மாற்றிவிட்டு ஓட்டி, விடை மாறவில்லை என்று கண்டால்தான் அந்த முடிவு உடையும். நல்ல பெயர் வைக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். அப்போது அது மனிதர்களுக்காகச் செய்வது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

உள்ளீடாகக் கொடுக்கும் எண்ணும் மாதிரியின் ஒரு பகுதிதான். அதை யாரும் கவனிப்பதில்லை. ஃபேக்டோரியல் நிரலுக்கு எல்லோரும் 5 கொடுப்பார்கள், 120 வரும், ரெக்கார்டில் ஒட்டிவிடுவார்கள். டர்போ சியில் முழு எண் மாறிக்கு 16 பிட்தான் இடம்; 32767க்கு மேல் அதில் கொள்ளாது. 7 கொடுத்தால் 5040 என்று சரியாக வரும். 8 கொடுத்தால் 40320க்குப் பதிலாக -25216 வரும். இன்றைய கம்பைலர்களில் 32 பிட் இருப்பதால் 12 வரை தாங்கும். 13 கொடுத்தால் வழக்கமாக 1932053504 என்று ஓர் எண் வரும்; சரியான விடை 6227020800. முன்னதில் கழித்தல் குறியாவது எச்சரித்தது. பின்னது பார்வைக்கு ஒழுங்கான, பெரிய, நம்பத்தக்க எண். அதே நிரலைப் பைத்தானில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை, அங்கே முழு எண்ணுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஆக, ஒரே நிரலை ஓர் எண் மாற்றி ஓட்டுவதால் மாறியின் வகை என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன, மொழிக்கு மொழி என்ன வேறுபாடு என்ற மூன்று பாடங்கள் திறக்கின்றன. 5 மட்டும் கொடுப்பவருக்கு ஒன்றும் திறப்பதில்லை. பகா எண் நிரலும் இப்படித்தான். இரண்டிலிருந்து எண்ணின் பாதிவரை வகுத்துப் பார்க்கும் அந்தப் பிரபலமான வடிவத்துக்கு 1 கொடுங்கள். லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, குறி மாறாது, 1 ஒரு பகா எண் என்று நிரல் அறிவித்துவிடும். பல நோட்டுகளில் அந்த நிரல் இன்றும் அப்படியே இருக்கிறது.

இதற்கெல்லாம் மாற்றாக நல்ல மாதிரி எப்படி இருக்கும் என்பதற்கு மறுபடி கெர்னிகன், ரிட்சி புத்தகத்துக்கே, அதன் 1988 இரண்டாம் பதிப்புக்கு, போக வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும் ஒரு சிறு அட்டவணை வருகிறது. 0 முதல் 300 வரை, 20 இருபதாக. அதை ஆசிரியர்கள் ஒருமுறை எழுதிவிட்டு விடவில்லை. முதலில் முழு எண்களை மட்டும் வைத்து எழுதுகிறார்கள். அதில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, கடைசியில் 9ஆல் வகுக்கிறார்கள். 5/9 என்ற பின்னத்தால் நேராகப் பெருக்கினால் என்ன என்று தோன்றும். முழு எண் வகுத்தலில் 5/9இன் விடை பூஜ்யம். அப்படி எழுதினால் செல்சியஸ் பத்தி முழுக்கப் பூஜ்யமாக வரும். வெறும் வரிசைமுறை, எழுதியவரின் ருசி என்று தோன்றுகிற ஒன்று, உண்மையில் அந்த நிரலைத் தாங்கி நிற்கிறது. அப்படியும் 0 டிகிரிக்கு நேரே -17 என்று வரும். சரியான மதிப்பு ஏறத்தாழ -17.8. அந்தக் குறையைச் சொல்லிவிட்டு, அதே நிரலைத் தசம எண்களை வைத்து இரண்டாம் முறை எழுதுகிறார்கள். மூன்றாம் முறை அதே அட்டவணை வேறு வகை லூப்பில் வருகிறது. நான்காம் முறை 0, 300, 20 என்ற எண்களுக்குப் பெயர்கள் கிடைக்கின்றன. கணக்கு ஒன்றே, விடையும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. வாசகருக்கு எது மாறியது என்பது தெரிகிறது, எது மாறாமலே வேலை செய்தது என்பதும் தெரிகிறது. பின்னால் வரும் எழுத்து எண்ணும் நிரல், வரி எண்ணும் நிரல், சொல் எண்ணும் நிரல் மூன்றும் ஒரே லூப்பின் மேல் கட்டியவை. நான்கு வெவ்வேறு கணக்குகளுக்கு நான்கு நிரல் கொடுத்திருந்தால் பாடம் இன்னும் நிறைவாகத் தோன்றியிருக்கும். ஆனால் அவற்றுக்குள் எது எதனால் வந்தது என்று பிரிக்கும் வேலை முழுவதும் வாசகர் தலையில் விழுந்திருக்கும்.

கற்பவர் தரப்பில் என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. மிஷெலின் சீ முதலானோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இயற்பியல் மாணவர்களைப் பற்றியது; சிறிய ஆய்வுதான், சில பேரை உட்காரவைத்து, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிக்கும்போது மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு தாமாகக் கணக்குகளை நன்றாகத் தீர்த்தவர்கள், படிக்கும்போதே ஒவ்வொரு படியும் ஏன் அங்கே வருகிறது என்று தங்களுக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டவர்கள். தங்களுக்குப் புரியாத இடத்தைப் புரியவில்லை என்று அடிக்கடி சொன்னவர்களும் அவர்களே. பின்தங்கியவர்கள் பெரும்பாலும் புரிந்தது என்று சொல்லிக் கடந்துபோனார்கள். கணக்கைத் தீர்க்கும் நேரத்தில் இரு சாராரும் மாதிரிக்குத் திரும்பினார்கள். முன்னவர்கள் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள்; பின்னவர்கள் ஒரு விடையை எதிர்பார்த்து மாதிரியை முதலிலிருந்து திரும்பப் படித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் இயல்பாகவே விளக்கிக்கொள்கிறார்கள் என்றால், விளக்கிக்கொள்வதால்தான் நன்றாக வருகிறது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி நியாயமானது. 1995இல் பீலாசிக், பிரோலி, பிரவுன் மூவரும் லிஸ்ப் மொழி கற்றவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தமக்குத் தாமே விளக்கிக்கொள்ளும் முறையில் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நன்றாக நிரலெழுதினார்கள். ஆகவே இது பிறவித் திறமை சார்ந்தது மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கக் கூடியது. நிரலெழுதுபவருக்கு இயற்பியல் மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதியும் உண்டு. அவர் தன் விளக்கத்தை மனத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினால், விளக்கம் சரியா என்று கணினி அப்போதே சொல்லிவிடும்.

மாதிரியே வேண்டாம், கணக்கைக் கொடுத்துத் தாமாகத் தடுமாறி எழுதவிட்டால் ஆழமாகப் பதியும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் அல்ஜீப்ராவில் இதைச் சோதித்தபோது, தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றும் தாமாகச் செய்யும் கணக்கு ஒன்றுமாக மாற்றி மாற்றிப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாமாகவே செய்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கற்றார்கள். அதே மாதிரியான கணக்குகளில் முந்தவும் செய்தார்கள். புதியவரின் கவனத்துக்கு எல்லை உண்டு. இலக்கணம், கணக்கு, கருவி மூன்றோடும் ஒரே நேரத்தில் மல்லாடுபவருக்குக் கற்க மிச்சம் இருப்பது கொஞ்சம். ஆனால் அதே ஆய்வில், கணக்கின் அமைப்பு மாறியதும் மாதிரி படித்தவர்களின் மேன்மை தெரியவில்லை. மாதிரியின் வலிமையும் எல்லையும் இரண்டுமே இந்த ஒரே முடிவில் இருக்கின்றன. புள்ளி வரிசையைப் பார்க்காமல் கோட்டை மட்டும் மனத்தில் வைத்துக் கோலம் கற்றவர், புள்ளி எண்ணிக்கை மாறிய நாளில் வாசலில் நின்றுவிடுவார். கற்பவர் தேறிய பிறகும் விரிவான மாதிரிகளையே கொடுத்துக்கொண்டிருந்தால் அது உதவாததோடு தடையாகவும் ஆகும் என்பதைக் கல்யூகாவும் ஸ்வெல்லரும் மற்றவர்களும் 2003இல் தொகுத்துக் காட்டினார்கள். எனவே மாதிரியை எப்போது விடுவது என்பதும் கற்பித்தலின் பகுதிதான்.

பார்த்து ஒட்டாதே, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் தட்டு என்ற அறிவுரை பிரபலமானது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தட்டும்போது அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கண்ணில் படும், பிழைச் செய்தியைப் படித்துத் திருத்தும் பழக்கம் வரும். ஆனால் தட்டியதால் வரிகள் பிரிவதில்லை. கெட்ச் வரியை ஆயிரம் முறை கையால் தட்டியவர்கள்தான் அதை இத்தனை காலம் கொண்டுவந்தார்கள். தட்டுவதற்கு முன்னால், இந்த நிரல் என்ன அச்சிடும் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னால் நிலைமை மாறும். ஊகம் தவறினால் எந்த வரியைப் பற்றிய எண்ணம் பிசகு என்று தேட வேண்டியிருக்கும். இங்கிலாந்துப் பள்ளிகளில் சூ சென்டன்ஸ் வளர்த்த முறை இந்த வரிசையில்தான் போகிறது: ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, பிறகு சொந்தமாகச் செய். சொந்தமாகச் செய்வது கடைசியில் வருவதைக் கவனிக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு நிரலெழுத வரவில்லை என்று 2001இல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்த மெக்ராக்கன் குழுவின் ஆய்வு காட்டியது. 110க்குச் சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை. கணக்கைப் பிரித்து யோசிக்கத் தெரியவில்லை என்று பலர் காரணம் சொன்னார்கள். 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளில் நடந்த அடுத்த ஆய்வு, எழுதவே சொல்லாமல், ஏற்கெனவே எழுதிய சிறு நிரலைக் கொடுத்து விடை என்ன வரும் என்று கேட்டது. பலருக்கு அதுவே வரவில்லை. எழுதத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்தவர்களில் பலர் படிக்கவே கற்றிராதவர்கள்.

இனி என் வாதத்துக்கு எதிராக நானே வைக்க வேண்டிய தடை ஒன்று இருக்கிறது. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது எல்லா நேரமும் உண்மையல்ல. சியில் ஓர் எழுத்தை வாசித்து வாங்கும் மாறியை, எழுத்து வகையாக இல்லாமல் முழு எண் வகையாக அறிவித்திருப்பார்கள் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய அந்தப் புத்தகத்தில். புதியவர் இதைத் தற்செயல் என்று எண்ணி எழுத்து வகைக்கு மாற்றி ஓட்டினால், சாதாரண மேசைக் கணினியில் ஒன்றும் ஆகாது. தமிழ் உரையைக் கொடுத்தாலும் சரியாகவே ஓடும், ஏனென்றால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 255 என்ற பைட் வருவதே இல்லை. ஒரு படக் கோப்பைக் கொடுத்தால், அந்த 255ஐக் கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொண்டு நிரல் பாதியில் நின்றுவிடும். ஏஆர்எம் சில்லு உள்ள லினக்ஸ் கணினியிலோ பெரும்பாலும் கோப்பு முடிந்ததே தெரியாமல் லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாறிக்கு எல்லா எழுத்து மதிப்புகளோடு, முடிவைக் குறிக்கும் இன்னொரு மதிப்புக்கும் இடம் வேண்டும் என்ற காரணத்தைப் புத்தகம் சொல்லிவிடுகிறது. சோதனை மட்டும் அதைச் சொல்லாது. ஆகவே உடைத்துப் பார்ப்பது விளக்கத்துக்கு மாற்று அல்ல. அது கேள்வியை எழுப்பும். பதில் சில நேரம் கணினியிடமிருந்து வரும், சில நேரம் ஆசிரியரிடமிருந்தோ புத்தகத்திடமிருந்தோதான் வர வேண்டும். ஆனால் கேள்வி எழாத இடத்தில் அந்த விளக்கப் பத்தியை யாரும் படிப்பதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தொழில்முறை நிரலாளர்களும் நகலெடுத்துத்தானே எழுதுகிறார்கள், மாணவரை மட்டும் ஏன் வாட்ட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அவர்களும் பிரித்துப் பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகிறது என்பதற்கு 2017இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வு இருக்கிறது. சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்ததில் 15.4 சதவீதத்தில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் உள்ள பாதுகாப்பு தொடர்பான நிரல் துண்டுகள் காணப்பட்டன, அவற்றில் 97.9 சதவீதத்தில் குறைந்தது ஒரு துண்டாவது பாதுகாப்பற்றது. அந்தப் பிழைகளில் ஒரு வகை நம் வாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது: எந்தச் சான்றிதழ் வந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும் வரிகள். சோதனைக் கட்டத்தில் தொல்லை இல்லாமல் இருக்கப் போடத்தக்க தற்காலிக ஏற்பாடு அது. எடுத்தவர்களின் கையில் அது நிரலின் நிரந்தர அங்கமாகிவிட்டது. ஓடியது என்பதைத் தவிர அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை. அனுபவமுள்ள நிரலாளர் நகலெடுக்கலாம். எடுக்கும் துண்டில் எது தன் தேவைக்கு, எது அதை எழுதியவரின் சூழ்நிலைக்கு என்று பிரிக்க அவருக்குத் தெரியும் என்ற நிபந்தனையோடு.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட நொடியில் மாதிரி எழுதித் தருகின்றன. புத்தகத்து மாதிரிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. புத்தகத்தில் வருவது வேறொரு கணக்குக்கான நிரல். அதை நம் கணக்குக்கு வளைக்கும்போது, எதை மாற்றுவது எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டியிருந்தது. கருவி தருவது நம் கணக்குக்கே அளவெடுத்த நிரல். வளைக்கும் வேலை போயிற்று, அதோடு அந்த யோசனையும் போயிற்று. ஆனால் இதே கருவியிடம் விடையைக் கேட்காமல், ஒரே நிரலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றி மூன்று வடிவமாகக் கேட்கலாம். மூன்றும் என்ன அச்சிடும் என்று தாளில் எழுதிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் மணிக்கணக்கில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருந்த மாதிரித் தொகுப்பு கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வரம். அதைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களின் பொறுப்பு.

கடைசியாக நேரமும் தேர்வும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். கல்லூரியானால் அரையாண்டுக்கு ஒரு மொழி. செய்முறைத் தேர்வில் ஒரு குறிப்பிட்ட பட்டியலிலிருந்துதான் நிரல் வரும் என்பதால் மாணவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கேட்கப்படுவது எதுவோ அதற்குத்தான் எவரும் தயாராவார்கள். பாடத்தைக் கூட்டாமலே இதை மாற்றலாம். பட்டியல் அப்படியே இருக்கட்டும். தேர்வில் அந்த நிரலை எழுதச் சொல்லாமல், அச்சடித்தே கொடுத்துவிட்டு, ஒரு வரியை மாற்றி, இப்போது என்ன விடை வரும் என்று கேட்கலாம். இந்த வரியை எடுத்துவிட்டால் கம்பைலர் தடுக்குமா, நிரல் ஓடித் தவறான விடை தருமா, ஒன்றுமே ஆகாதா என்று கேட்கலாம். வைவாவில் பாதி நேரம் வரையறைகளைச் சொல்லச் சொல்வதில் போகிறது. அந்த நேரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் போதும். ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் இப்போது விடையை மட்டும் எழுதுகிறார்கள். அங்கேயே மூன்று வரி சேர்க்கலாம்: எந்த இடத்தை மாற்றினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது. நாற்பது பேர் வகுப்பில் இந்த மூன்று வரியும் ஒருவருக்கொருவர் வேறாக இருக்கும், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் உடனே தெரிந்துவிடும். திருத்துவதற்கும் ஆசிரியருக்கு நிரலைவிடக் குறைந்த நேரமே ஆகும்.